பி.எட். வேண்டாம், நெட்டுக்கு உட்காருங்கள்

கேள்வி: ஊட்டியில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு, தமிழ் வழியில் படிக்கிறேன். கல்லூரி ஆசிரியர் ஆக ஆசை. பி.எட். முடி என்கிறார் சித்தப்பா. எம்.ஃபில். போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அப்பாவுக்கு இருப்பது பச்சைத் தேயிலை போட்டு வரும் பணம்தான். எதைப் படிப்பது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டுமே வேண்டாம் தங்கச்சி. பி.எட். பள்ளிக்கூட வேலைக்கு. எம்.ஃபில். படிப்பையோ 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்திவிட்டது. அக்கா படித்த காலம் வேறு.

உதவிப் பேராசிரியர் வேலைக்கு முதுகலையில் 55 சதவீதமும், தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும் வேண்டும். 2023 ஜூலையிலிருந்து பிஎச்.டி. கட்டாயமில்லை. செட் தேர்ச்சி தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். அதை நம்பிக் காத்திருக்கவும் முடியாது. 2018க்குப் பிறகு அடுத்த செட் 2025இல்தான் நடந்தது. நெட் அப்படியில்லை, வழக்கமாக ஜூனிலும் டிசம்பரிலும் வரும். கடைசி ஆண்டு மாணவர்களும் எழுதலாம். ஆகவே அடுத்த அறிவிப்பு வந்ததுமே விண்ணப்பியுங்கள்.

நெட் தேர்வு மூன்று மணி நேரம், இரண்டு தாள், 150 கேள்விகள், 300 மதிப்பெண். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் விடாதீர்கள். உங்களுக்கு இடிக்கப்போவது மொழி. எல்லோருக்கும் பொதுவான முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், வரலாற்றுத் தாளும் அப்படியே. பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் கோட்டைவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். பழைய வினாத்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் இருபது கேள்வியை ஆங்கிலத்திலேயே படித்து, புரியாத சொல்லை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். முதல் தாளில் கணக்கும் தர்க்கமும் உண்டு. வரலாறு படித்தவர்கள் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள், நீங்கள் தள்ளாதீர்கள்.

மதிப்பெண் நன்றாக வந்தால் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கும். பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்!

அப்புறம், பாடம் நடத்திப் பழக வேண்டாமா? ஊட்டியை உருவாக்கிய வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் கட்டிய கல் பங்களா ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்திலேயே நிற்கிறது. ஜூனியர் பிள்ளைகள் நாலு பேரை அதன் முன்னால் நிறுத்தி, குறிப்பைப் பார்க்காமல் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். எங்கே திணறுகிறீர்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு முதுகலையில் 50 சதவீதம் போதும். ஆனால் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்றால் மாநில சாதிச் சான்றிதழை வைத்து நெட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது, மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பத் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே தாலுகா அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.