துப்பாக்கியோடு விமானப் பயணம்: முதல் சோதனை களியக்காவிளையில்

கேள்வி: ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மார்த்தாண்டம் பக்கம் வீடு. உரிமம் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். பெங்களூரில் மகனோடு குடியேறப் போகிறேன். திருவனந்தபுரத்தில் இருந்து விமானத்தில் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் கொண்டுபோகலாமா?

பதில்: கொண்டுபோகலாம், ஐயா. ஆனால் முதலில் உரிமப் புத்தகத்தை எடுத்து, அது எந்த எல்லை வரை செல்லும் என்று பாருங்கள். 'தமிழ்நாடு' என்று மட்டும் இருந்தால், கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டியதுமே சிக்கல்தான். நமக்குத் திருவனந்தபுரம் பக்கத்து ஊர். ஆயுதச் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். தூத்துக்குடி வழியாகப் போனாலும் பெங்களூரில் இறங்கும்போது அதே கதை. நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் எல்லை விரிவாக்கத்துக்கு விண்ணப்பியுங்கள். முகவரி மாறுவதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உத்தரவு கைக்கு வந்த பிறகு டிக்கெட் போட்டால் போதும்.

டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்திடம் பேசுங்கள். கட்டணம், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சர்வதேச விதிப்படி ஒருவருக்குப் பெட்டி எடையோடு சேர்த்துத் தோட்டா 5 கிலோவுக்கு மேல் கூடாது. உங்கள் பங்கையும் மனைவி பங்கையும் ஒரே பெட்டியில் சேர்த்துக் கட்டவும் முடியாது.

கேபினுக்குள் துப்பாக்கிக்கு இடமே இல்லை. செக்-இன் சாமானோடுதான் போகும். துப்பாக்கியை வீட்டிலேயே மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா எதுவும் இல்லாமல் இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு குழலையும் கட்டையையும் கழற்றிப் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். தோட்டாக்கள் தனியாக, உருளாதபடி இருக்கட்டும். கவுண்டரில் நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். அசல் உரிமம் கையில் இருக்கட்டும், செல்போனில் உள்ள படம் உதவாது. உரிமத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே போய்விடுங்கள்.

பெரும்பாலும் ஆட்கள் மாட்டுவது துப்பாக்கியால் அல்ல, பழைய பையில் மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டாவால். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றம் பார்க்கும். அப்படிப் பல வழக்குகள் ரத்தாகியும் இருக்கின்றன. ஆனால் அதற்குள் விமானம் போயிருக்கும், போலீஸ் ஸ்டேஷனும் பார்த்திருப்பீர்கள். தோளில் மாட்டும் பை, மகன் கொண்டுவரும் பை என எதையும் விடாமல், பக்கவாட்டு ஜிப்பையும் திறந்து கவிழ்த்து உதறிவிட்டுக் கிளம்புங்கள்.