சிலிண்டர் ஏன் வேர்க்கிறது?

கேள்வி: நாங்கள் இறுதியாண்டு மாணவிகள். 4 கிலோ கியூப்சாட் (பெட்டி போன்ற சிறு செயற்கைக்கோள்) ஒன்றுக்குக் குளிர்வாயு உந்துபொறி, அதாவது எதையும் எரிக்காமல் வாயுவை ஊதியே தள்ளும் பொறி, வடிவமைக்கிறோம். எரிபொருள் இடத்தில் ஆர்-236எஃப்ஏ என்ற, எளிதில் ஆவியாகும் திரவம், 500 கிராம். எங்கள் கணினி மாதிரியில் உந்துவிசை கடைசிவரை மாறாமல் வருகிறது. இனி நாசில் (வாயு வெளியே பீறிடும் குழல்வாய்) வடிவத்தை மட்டும் மெருகேற்றினால் போதுமா?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: நாசிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அம்மா. கடைசிவரை மாறாத உந்துவிசை என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நல்ல திரவத்தைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். 2018-இல் நாசாவின் இன்சைட் கலத்துடன் கிளம்பிச் செவ்வாய் வரை போன இரண்டு மார்கோ கியூப்சாட்களும் தீயணைப்பானில் பயன்படும் இதே பொருளைத்தான் ஊதின. ஒன்றில் வால்வு கசிந்தது. அதைச் சமாளித்துக்கொண்டே செவ்வாயைத் தாண்டியது.

கல்யாண வீட்டுச் சமையலில் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டரைக் கவனித்திருக்கிறீர்களா? அடிப்பாகம் வேர்க்கும், சில சமயம் பனிகூடப் படியும். தீ இறங்கிவிடும். சமையல்காரர் சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் தூக்கி வைப்பார், தீ மறுபடி எழும்பும். உள்ளே திரவம் ஆவியாகும்போது மீதித் திரவத்தின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் இந்தக் குளிர்ச்சி. உங்கள் டாங்கிலும் இதேதான் நடக்கும். என் மாணவர்கள் ஒருமுறை மேசையில் வைத்து ஊதிப் பார்த்தபோது விசை சரிந்துகொண்டே வந்தது. அளவுமானியில் கோளாறு என்று ஒரு மணி நேரம் அதையே பிரித்துப் பார்த்தார்கள். டாங்கைத் தொட்டேன். சில்லென்று இருந்தது, வெளியே முத்து முத்தாக நீர்.

கணக்கைப் பாருங்கள். 20 கிராம் ஊதினால் கலத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் மாறும். அந்த 20 கிராம் ஆவியாக ஏறக்குறைய 3 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மீதித் திரவமே அதைக் கொடுத்தால் அது கிட்டத்தட்ட 5 டிகிரி குளிரும். 25 டிகிரியில் 2.7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருந்த அழுத்தம் 2.3-க்கு இறங்கும், விசையும் அதே அளவுக்கு இறங்கும். நாசிலை எவ்வளவு செதுக்கினாலும் இந்த 15 சதவீதத்தை மீட்க முடியாது. நாசிலின் மிகக் குறுகிய இடமான தொண்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது சுவரை ஒட்டிய மந்தமான வாயு அடுக்கும் வழியில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும்.

ஆகவே மாதிரியில் டாங்கின் வெப்பநிலையை ஒரு மாறியாகச் சேருங்கள். 5 வாட் ஹீட்டர் இருந்தால் அந்த 3 கிலோஜூலைத் திருப்பித் தர 10 நிமிடம் ஆகும். ஒரே மூச்சில் 20 கிராம் ஊதுவதா, 5 கிராமாக நான்கு தடவை இடைவெளி விட்டு ஊதுவதா? நீங்கள் மேம்படுத்த வேண்டிய இடம் இதுதான். ஹீட்டர் வாட், ஊதும் நேரம், ஓய்வு நேரம் மூன்றையும் சேர்த்து மாற்றிப் பாருங்கள். மின்சாரம் கேமராவுக்கும் ரேடியோவுக்கும் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று. விண்வெளியில் திரவம் டாங்கின் அடியில் உட்கார்ந்திருக்காது. சுவரில் ஒட்டியபடி வெளிவாய்க்கும் வந்துவிடும். அதைத் தடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே?

மாதிரியை 25 டிகிரியில் மட்டும் ஓட்டாதீர்கள். 5 டிகிரியிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கே அழுத்தம் 1.3 பார்தான் இருக்கும். அந்த வரைபடத்தையும் அனுப்புங்கள், நாசிலைப் பற்றி அப்புறம் பேசுவோம்.