மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடப்பது எது? வறண்ட நிலமும் வழிந்தோடும் நீரும்: கேள்வி பதில்

புல், சருகு, கல், பாசி என்று தரைமேல் கிடப்பவை மழைநீரின் ஓட்டத்தையும் மண்ணரிப்பையும் எப்படி மாற்றுகின்றன என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: வறண்ட பகுதியில் மழையே சில நாள்தான். அங்கே மண்ணரிப்பு எப்படி இவ்வளவு பெரிதாகிறது ஐயா?

பதில்: அந்தச் சில நாளில் தரை மொட்டையாகக் கிடப்பதால்தான். கோடை முழுக்கக் காய்ந்து, மேய்ந்து, சருகும் காற்றில் பறந்துபோன பிறகு முதல் மழை வருகிறது. அதுவும் அடித்துப் பெய்கிறது. 1958-இல் லாங்பைன், ஷும் என்ற இருவர் அமெரிக்க ஆறுகளின் வண்டல் கணக்கை மழையளவோடு வைத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழை கிடைக்கும் இடங்களில்தான் வண்டல் உச்சத்தில் இருந்தது. அதற்கும் குறைந்தால் மண்ணை இழுக்கத் தண்ணீர் போதாது; கூடினால் செடிகொடி வந்து மண்ணைக் காத்துவிடும். எல்லா நாட்டுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆனாலும் அடிப்படையை விளக்க இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: வெறும் மண்ணில் மழை விழுந்தால் உறிஞ்சத்தானே வேண்டும்? ஏன் ஓடுகிறது?

பதில்: இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பெரிய மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. விழுந்த இடத்தில் மண்கட்டி உடைகிறது. உடைந்த நுண்துகள் பக்கத்துத் துளைகளில் போய் அடைகிறது. சில நிமிடத்தில் மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பொருக்கு கட்டிவிடுகிறது. அதன்பின் விழும் நீர் தரைக்குள் இறங்க வழியில்லாமல் சரிவைத் தேடுகிறது.

கனத்த மழை நின்ற அரைமணியில் ஒரு மொட்டைச் சரிவில் குனிந்து கத்தி முனையால் மண்ணைப் பெயர்த்துப் பார்த்தேன். மேல்தோல் பூசி மெழுகியதுபோல் பளபளத்தது. நான்கு விரற்கடை கீழே மண் புழுதியாக உதிர்ந்தது. அவ்வளவு மழையும் மேலோடு போயிருந்தது. மூன்றடி தள்ளி ஒரு புல்தூரின் அடியில் அதே கத்தி பிடிவரை ஈரத்தில் இறங்கியது.

ஒரு ஹெக்டேரில் 30 மில்லிமீட்டர் மழை என்றால் 3 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை அந்த மெல்லிய மேல்தோல் தீர்மானிக்கிறது. துளியின் அடியைச் சருகோ புல்லோ வாங்கிக்கொண்டால் பொருக்கே கட்டாது.

கேள்வி: எத்தனை சதவீதம் மூடினால் போதும்?

பதில்: முழுக்க மூட வேண்டாம். 30 சதவீதத் தரை மூடியிருந்தாலே, மொட்டை நிலத்தோடு ஒப்பிட மண் இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடுவது வழக்கம். அதற்குக் கீழே குறையக் குறைய இழப்பு மளமளவென்று ஏறும். நீரோட்டம் இந்த அளவுக்குக் குறையாது. மண்தான் முதலில் நிற்கும்.

அளக்கவும் எளிது. நீண்ட கயிற்றில் சம இடைவெளியில் நூறு முடிச்சுப் போடுங்கள். தரையோடு இழுத்துக் கட்டி, ஒவ்வொரு முடிச்சின் கீழும் வெறும் மண்ணா வேறு ஏதாவதா என்று எண்ணுங்கள். வேறு எதையாவது தொட்ட முடிச்சுகளின் எண்ணிக்கைதான் உங்கள் சதவீதம்.

சதவீதத்தோடு கிடக்கும் விதமும் முக்கியம். சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாகக் கிடக்கும் புல், மேலிருந்து வரும் நீரைத் தடுத்துக் குடித்துவிடும். நைஜரில் புதர்க்காடு இப்படி வரிவரியாகவே வளர்ந்திருக்கிறது. வானத்திலிருந்து பார்த்தால் புலித்தோல் போலிருக்கும். ஒரு வரி வெறுந்தரை நீரை அனுப்ப, அடுத்த வரி பச்சை அதை வாங்கிக்கொள்கிறது. அதே அளவு புல் சரிவோடு நெடுக நின்று, நடுவில் வெறும் மண் மேலிருந்து கீழ்வரை தொடர்ந்தால், அது தண்ணீருக்கு நாமே போட்டுக் கொடுத்த பாதை.

கேள்வி: மரங்கள் நன்றாக வளர்ந்துவிட்டன. கீழே மண் இன்னும் போகிறதே?

பதில்: மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் காரணம் அதுதான். இலையில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரிதாகக்கூட இருக்கும். ஏழெட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் இழந்த வேகத்தைக் கிட்டத்தட்ட முழுதும் திரும்பப் பெற்றுவிடும். தேக்குபோல் அகன்ற இலை மரங்களில் இது இன்னும் மோசம். மரத்தின் காவல் அதன் சருகில் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கூட்டி எரிக்காதீர்கள்.

கேள்வி: நிலம் முழுக்கக் கல். பொறுக்கி எறியலாமா?

பதில்: மண்மேல் தளர்வாகக் கிடக்கும் கல் துளியின் அடியை வாங்கும், அடியில் நீர் இறங்க இடம் விடும். பொருக்கில் பதிந்து இறுகிய கல் நேர்மாறு. கூரைபோல் நீரை வழியவிடும். நெகேவ் பாலைவனத்தில் பழங்கால உழவர்கள் சரிவுகளின் கல்லைக் குவித்து வைத்திருக்கிறார்கள். கல்லை அகற்றினால் அந்தச் சரிவில் நீரோட்டம் கூடுகிறது என்பதை ஆய்வாளர் மைக்கேல் எவனாரியின் குழு சோதித்தே காட்டியது. கீழே உள்ள வயலுக்கு நீர் சேர்க்க அது உதவும். சரிவிலேயே பயிர் செய்பவருக்கு நட்டம். எடுத்தே ஆகவேண்டுமென்றால் சம உயரக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில், வரிசையாக அடுக்குங்கள்.

கேள்வி: தரையில் கருப்பாக ஒரு படலம் இருக்கிறது. கொத்திவிடலாமா?

பதில்: முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பச்சை ஓடினால் அது உயிருள்ள படலம்: நீலப்பசும்பாசி, பாசி, லைக்கன் (பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் உயிர்) எல்லாம் சேர்ந்து பின்னியது. ஓரத்தைத் தூக்கினால் நூலிழைகளில் மண்மணிகள் தொங்கும். அதைத் தொடாதீர்கள். நீரை உள்ளே விடுவதில் அது இடத்துக்கு இடம் மாறும். மண்ணைப் பிடித்து வைப்பதில் மாறாது. வண்டிச் சக்கரம் ஒருமுறை ஏறினாலும் தேற ஆண்டுகள் ஆகும். பச்சை ஓடவே இல்லையென்றால் பெரும்பாலும் வெறும் பொருக்கு, கொத்தலாம்.

கேள்வி: என் நிலத்தில் நீர் வெட்டிய வாய்க்கால் ஒன்றுகூட இல்லை. அரிப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. சிறு கற்களைக் குனிந்து பாருங்கள். கல் மண்தூண்மேல் குடைபோல் நிற்கிறதென்றால், அந்தத் தூணின் உயரம்தான் சுற்றிலும் போன மண். ஒரு மில்லிமீட்டர் போனாலே ஹெக்டேருக்கு ஏறக்குறைய 13 டன். கண்ணுக்குத் தெரியாமல் போவது இதுதான், எனக்குப் பெரிய கவலையும் இதுதான்.

கேள்வி: மேய்ச்சலை நிறுத்த முடியாது. என்ன செய்ய?

பதில்: நிறுத்த வேண்டாம். மழைக்கு முந்தைய வாரங்களில் மட்டும் சரிவை விட்டுவிடுங்கள். காய்ந்த தாளும் தரையில் சாய்ந்த தட்டையும் மிஞ்சட்டும்.

கேள்வி: மூடாக்காகத் தரைமேல் பரப்ப ஒன்றுமே கிடைக்காத நிலம் எங்களுடையது.

பதில்: அப்போது பொருக்கையே வேலை வாங்கலாம். புர்கினா பாசோவில் ஜாய் என்ற குழிமுறை இருக்கிறது. அதை மேம்படுத்திப் பரப்பிய உழவர் யாகூபா சவதோகோவுக்கு 2018-இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலத்தில் அரைச் சாண் ஆழத்துக்குக் குழி. உள்ளே சாண எரு. மழைக்கு முன்பே தோண்டி வைப்பார்கள். குழிகளுக்கு இடையே இறுகிக் கிடக்கும் தரை நீரைக் குழிக்கு வழித்துவிடும். எருவைத் தேடி வரும் கரையான் மண்ணைத் துளைத்து வழி செய்யும். காற்றில் பறக்கும் விதையும் சருகும் குழியில் தங்கும்.

கேள்வி: எல்லாரும் நீரை நிலத்திலேயே நிறுத்தினால் கீழே குளத்துக்கு என்ன வரும்?

பதில்: நியாயமான கேள்வி. வரத்து குறையத்தான் செய்யும். புல்லும் செடியும் குடிப்பதும் உண்டு. ஆனால் வருவது சேறாக வராது, குளம் தூர்ந்து போவது தள்ளிப்போகும். குளத்தை நம்பியிருப்பவர்களோடு முதலில் பேசிவிட்டு, மண் அதிகம் போகும் சரிவுகளை மட்டும் முதலில் மூடுங்கள். பாறையும் கெட்டித் தரையும் குளத்துக்கு நீர் அனுப்பட்டும்.