ஒயின் பீப்பாயில் ஊறிய ஸ்டவுட் புளித்தால், கெட்டுப்போனது என்று அர்த்தமா?

கேள்வி: போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் வைத்த இம்பீரியல் ஸ்டவுட்களை, அதாவது ஆல்கஹால் அதிகமான கறுத்த பீர்களை, ஓரளவு குடித்துப் பழகியவன் நான். முதல்முறையாக, சிவப்பு ஒயின் பீப்பாயில் ஓராண்டு வைத்த, 12 சதவீத ஆல்கஹால் உள்ள ஸ்டவுட் இரண்டு பாட்டில் கிடைத்தது. ஒவ்வொன்றும் 330 மி.லி. ஒன்றை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே ஊற்றினேன். ஒயின் வாசனையே இல்லை. புளிப்பும், வாயை உலர்த்திவிடுகிற ஒரு வறட்சியும்தான் தெரிந்தன. பாட்டில் கெட்டுவிட்டதா, எனக்குத்தான் சுவைக்கத் தெரியவில்லையா? இரண்டாவது பாட்டிலை எப்படிக் குடிப்பது? இன்னும் சில ஆண்டுகள் வைத்திருந்தால் சரியாகிவிடுமா?

பதில்: பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பழியில் பாதி ஃபிரிட்ஜைச் சேரும், கால் பங்கு உங்கள் போர்பன் பழக்கத்தைச் சேரும். மிச்சக் கால் பங்குதான் உண்மையான சந்தேகம். அதை இரண்டாவது பாட்டிலை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் போர்பன் பழக்கம். அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் வைக்க முடியாது என்பதால் ஆலைகள் அதை விற்றுவிடும். பீர் ஆலைக்கு வந்து சேரும்போது அந்த மரத்தில் வெனிலாவும் தேங்காய் மணமும் கேரமல் வாசமும் இன்னும் தாராளமாக இருக்கும். பலகைக்குள் ஊறியிருப்பதும் காட்டமான மது. இவை எல்லாமே ஸ்டவுட்டின் இனிப்போடு ஒரே கட்சி. கிளாஸை முகத்தருகே கொண்டுபோனதுமே போர்பன் தன் பெயரைச் சொல்லிவிடும்.

ஒயின் பீப்பாய் வேறு ரகம். அதன் உட்புறத்தைக் கரியாக்குவதில்லை, நெருப்பில் வாட்டுவார்கள். ஒயின் ஆலை அதைப் பல அறுவடைகளுக்குப் பயன்படுத்தி, மரத்தின் மணம் ஒயினில் இறங்குவது குறைந்த பிறகுதான் பெரும்பாலும் கைகழுவும். ஆகவே பீருக்கு வரும் பீப்பாயில் வெனிலா ஏறக்குறைய வடிந்துபோயிருக்கும். மிஞ்சியிருப்பது பலகையில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊறிய ஒயின், அதன் புளிப்பு, கொஞ்சம் டானின் (தேநீரிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்), அப்புறம் கண்ணுக்குத் தெரியாத சில குடித்தனக்காரர்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போர்தோ பாணிப் பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். பலகையில் ஊறிய ஒயின் அத்தனையும் இறங்கினாலும் சில லிட்டர்தான் தேறும். அதை ஒரு பீப்பாய் கறுத்த ஸ்டவுட்டில் கலந்தால் என்ன வாசனை தெரியும்? வறுத்த பார்லியின் காபி, சாக்லேட் மணம் அதை அப்படியே மூடிவிடும். லேபிளில் கபர்னே, பினோ நுவா என்று ஒயின் திராட்சையின் பெயரைப் படித்துவிட்டு மூக்கை நுழைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். (திராட்சைச் சாற்றையோ தோலையோ சேர்த்து நொதிக்கவைத்திருந்தால் கதை வேறு. அப்படிச் செய்தவர்கள் அதை லேபிளில் சொல்லாமல் விடமாட்டார்கள்.)

எனவே ஒயின் பீப்பாயின் தடயத்தை மூக்கைவிட ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேடுங்கள். 'வறட்சி' என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, பெரும்பாலும் அதுதான் அந்தத் தடயம்.

அதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகவே எண்ணுகிறோம். அறிவியல் கணக்கில் அது நாக்கின் சுவையில் சேராது, தொடு உணர்வு. டானின்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய், சொரசொரப்பு வருகிறது. புளிப்பு இதற்கு நேர் எதிர், வாயில் நீர் ஊற வைக்கும். கசப்பு கொஞ்சம் தாமதமாக வந்து, விழுங்கிய பிறகும் நின்றுகொண்டிருக்கும். இம்பீரியல் ஸ்டவுட்டில் மூன்றும் ஒரே நேரத்தில் வருவதால் பழகாத நாக்கு எல்லாவற்றையும் சேர்த்து 'புளிப்பு' என்று பதிந்துவிடுகிறது. முந்தின நாள் ஒரு சின்னப் பயிற்சி செய்து பாருங்கள். பத்து நிமிடம் ஊறவிட்ட, பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேநீர் ஒரு கோப்பை. எலுமிச்சை பிழிந்த தண்ணீர் இன்னொரு கோப்பை. மாறி மாறி ஒரு வாய் குடித்து, நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். எது உலர்த்துகிறது, எது ஊறவைக்கிறது என்று ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டுவிடும். புத்தகம் படித்து இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சரி, ஃபிரிட்ஜ் விஷயம். 4 டிகிரி செல்சியஸில் வாசனை தரும் பொருள்கள் ஆவியாவது குறைவு, அதனால் மூக்குக்கு வேலையே இல்லை. இனிப்பும் மந்தமாகிவிடும். கசப்பும் துவர்ப்பும் குளிரில் தூக்கலாகும். பழத்தையும் இனிப்பையும் எடுத்துவிட்டு மற்றதை மட்டும் உங்கள் கிளாஸில் ஊற்றிக்கொண்டது போல ஆகிவிட்டது. 10 டிகிரியில் ஆரம்பித்து 15, 16 டிகிரியில் முடிப்பது இந்த பீருக்கு ஏற்றது. என் அனுபவத்தில் 13 டிகிரியை ஒட்டித்தான் இது நன்றாகப் பேசும். 18 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹாலின் காரம் மேலே வந்து மற்றதை அமுக்கிவிடும்.

இப்போது இரண்டாவது பாட்டில். முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், அடியில் ஈஸ்ட் மண்டி இருந்தால் படியட்டும். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள், அறை சூடாக இருந்தால் இன்னும் குறைவாக. கிளாஸ் வாய் குறுகி வயிறு பருத்ததாக இருக்கட்டும். துலிப் வடிவக் கிளாஸ் இல்லையென்றால் சாதாரண ஒயின் கிளாஸே போதும். ஊற்றும் அளவு 100 மி.லி. மட்டும். மிச்சத்தைப் பாட்டிலிலேயே விட்டு, இருபது நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு முறை ஊற்றுங்கள். ஒரே பீரை மூன்று வெப்பநிலையில் பார்ப்பீர்கள். கடைசி மண்டி கிளாஸில் விழவேண்டாம்.

நுரை உடனே அடங்கிவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஆல்கஹால் அதிகமான பீரில் நுரை நிற்காது, பீப்பாயில் கிடந்ததில் வாயுவும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கிளாஸைச் சுழற்றும் முன் ஒருமுறை, சுழற்றிய பின் ஒருமுறை முகருங்கள். சின்னச் சின்னதாக உறிஞ்சுங்கள், நீளமாக இழுத்தால் 12 சதவீத ஆல்கஹால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். உலர்திராட்சை, உலர்ந்த பிளம் போன்ற வாசம் வந்தால் அவசரப்பட்டு ஒயின் என்று குறித்துவிடாதீர்கள். கறுத்த மால்ட்டும் (முளைகட்டி வறுத்த பார்லி) ஈஸ்ட்டும் சேர்ந்தே அதைத் தந்துவிடும், பீப்பாயே தேவையில்லை. செர்ரி, கறுப்புத் திராட்சைத் தோல் என்று பழம் பச்சையாக, கொஞ்சம் புளிப்போடு தெரிந்தால்தான் நான் பீப்பாயின் கணக்கில் எழுதுவேன்.

முதல் வாயைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது நாக்குக்கு ஆல்கஹாலை அறிமுகம் செய்வதோடு சரி. இரண்டாவது வாயை நான்கைந்து விநாடி வாயில் வைத்திருந்து, விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மூச்சை விடுங்கள். பின்பக்கமாக ஏறிவரும் அந்த வாசனையில்தான் பழம் ஒளிந்திருக்கும். வரிசையையும் கவனியுங்கள். முதலில் சாக்லேட், கருகல் இனிப்பு. நடுவில் புளிப்பு வந்து அந்த இனிப்பை லேசாக்கும். கடைசியில் துவர்ப்பு வந்து வாயைத் துடைத்துவிடும். நன்றாக அமைந்த பீரில் இந்தத் துடைப்பால்தான் அடுத்த வாய்க்குக் கை போகும். போர்பன் ஸ்டவுட்டில் பாதிக் கிளாஸுக்கு மேல் திகட்டுபவர்கள் ஒயின் பீப்பாய்க்கு மாறுவது இதனால்தான், எனக்கும் அந்த வழியில்தான் பிடித்தது. சரியாக அமையாததில் புளிப்பும் கருகலும் மோதிக்கொள்ளும். ஆறிப்போன காபியில் சாம்பல் விழுந்தது போல இருக்கும். கெட்டுப்போகாமலே மோசமாக அமைந்த பீர் அது. ஆலைக்காரர் கசப்பு அதிகமான ஸ்டவுட்டை ஒயின் பீப்பாயில் போட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பக்கத்தில் பீப்பாய் பார்க்காத சாதாரண இம்பீரியல் ஸ்டவுட் ஒரு சின்ன கிளாஸ் வைத்துக்கொண்டால் பாதி வேலை சுலபம். வறுத்த மால்ட்டே கொஞ்சம் புளிப்பு தரும் என்பது அப்போதுதான் தெரியும். இடையிடையே வெறும் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும்.

இனி அந்தக் குடித்தனக்காரர்கள். மரத்தின் துளைகளுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களை முழுசாக விரட்டுவது கடினம். வெந்நீர் ஊற்றினாலும் கந்தகம் எரித்தாலும் சில தப்பித்துவிடும். இவற்றில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் முக்கியமானது. 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வாளர் கிளாசன் இங்கிலாந்தின் நாள்பட்ட பீர்களை ஆராய்ந்து இதற்குப் பெயர் வைத்தார். 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்று பொருள். ஒயின்காரர்களில் பலர் இதைக் கண்டால் அலறுவார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் சதர்க்கிலிருந்த த்ரேல் ஆலையிலிருந்து ரஷ்ய அரசவைக்குப் போன ஸ்டவுட்டும் மரக்கலங்களில் வளர்ந்ததுதான். அதில் இந்த ஈஸ்ட்டின் கைவண்ணம் கொஞ்சம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். லேசான தோல் பொருள் வாசம், தொழுவத்து வாசம், ஒருவித உலர்ந்த செர்ரி மணம் வந்தால் அது 'பிரெட்' (பிரெட்டனோமைசிஸைச் சுருக்கி இப்படிச் சொல்வார்கள்). பிடிப்பதும் பிடிக்காததும் உங்கள் விருப்பம். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் போல வாடை அடித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

லாக்டிக் பாக்டீரியா தருவது தயிர் போன்ற சுத்தமான புளிப்பு. ஆலை வேண்டுமென்றே கொண்டுவந்திருக்கலாம், தானாகவும் நுழைந்திருக்கலாம். குடித்துப் பார்த்து எது என்று சொல்ல முடியாது, லேபிள் ஒன்றே துணை. வினிகர் வேறு கதை. பீப்பாய்க்குள் காற்று அதிகம் புகுந்தால் அசிட்டிக் அமிலம் உருவாகும், கூடவே நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையும் வரலாம். ஒரு துளி இருந்தால் பழச்சுவையைத் தூக்கிக்காட்டும். மூக்கில் குத்தும் அளவுக்கு இருந்தால் குறைதான், அதற்குச் சமாதானம் கிடையாது.

உங்கள் சந்தேகத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. டானினும் லாக்டிக் அமிலமும் ஆவியாகாதவை, வினிகர் வாடை ஆவியாகும். பீர் சூடேற ஏற, மூன்றாவது கிளாஸில் பழமும் சாக்லேட்டும் மேலே வந்து புளிப்பும் துவர்ப்பும் பின்னுக்குப் போனால் பாட்டில் நலமாக இருக்கிறது, குற்றவாளி ஃபிரிட்ஜ். சூடேற ஏற மூக்கில் குத்தல் அதிகமானால் பீரில்தான் கோளாறு. குளிர்ந்த முதல் கிளாஸை மட்டும் வைத்து ஒரு பாட்டிலுக்கு நானே 'கழிவு' என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்து, மேசையைத் துடைக்கும்போது மிச்சத்தைக் குடித்துப் பார்த்து அந்தக் குறிப்பை அடிக்க வேண்டியதாயிற்று.

திறந்ததும் பீர் பொங்கி வழிந்தால் உள்ளே ஏதோ ஒன்று இன்னும் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அதே ஆலையின் அதே தயாரிப்பு இன்னொன்று கையில் இருந்தால் அதைக் குளிரில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போவது நல்லதல்ல.

சேமித்து வைக்கலாமா என்றால், என் யோசனை வேண்டாம் என்பதே. நாள்பட்டால் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கசப்பு குறையும், உண்மை. ஆனால் நீங்கள் தேடுகிற அந்தப் பச்சைப் பழமும் கூடவே மங்கும். ஈரமான அட்டை வாடையோ சோயா சாஸ் வாடையோ அந்த இடத்துக்கு வரும். உள்ளே பிரெட் இருந்தால் மிச்ச இனிப்பையும் மெல்லத் தின்று பீரை இன்னும் வறட்டும், துவர்ப்பைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. பீப்பாயில் ஓராண்டு கிடந்தது போதும். வைத்தே தீர வேண்டும் என்றால் இருட்டில், 10 முதல் 13 டிகிரியில், நிமிர்த்தி வையுங்கள். உலோக மூடி போட்ட பாட்டிலை ஒயின் போலப் படுக்கவைப்பதில் லாபம் ஒன்றுமில்லை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 330 மி.லி. பாட்டிலில் 12 சதவீதம் என்றால் ஏறக்குறைய 40 மி.லி. சுத்த ஆல்கஹால், இரண்டு கிளாஸ் ஒயினுக்கும் மேல். ஒருவரோ இருவரோ கூட இருந்து பகிர்ந்தால் நாக்கும் தெளிவாக இருக்கும். ஆளாளுக்குத் தனியாக எழுதி முடித்த பிறகு பேசுங்கள். ஒருவர் 'செர்ரி' என்று வாய்விட்டுச் சொன்னால் அப்புறம் அறை முழுக்கச் செர்ரிதான்.

எல்லாம் செய்தும் துவர்ப்பு தூக்கலாகவே இருந்தால், கொழுப்புள்ள பாலாடைக்கட்டி ஒரு துண்டு மென்றுவிட்டு ஒரு வாய் குடியுங்கள். டானின் உங்கள் எச்சிலை விட்டுவிட்டுப் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அடர்ந்த சாக்லேட்டை மட்டும் கூட வைக்காதீர்கள். அதிலும் டானின் உண்டு, வறட்சி இரட்டிப்பாகிவிடும்.