எஸ்இலினக்ஸ் பாலிசி கம்பைல் ஆகவில்லையா? மலையிலிருந்து வந்த கேள்விகள்

கோத்தகிரி வாசகர்: அக்கா, தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடை பதிவாகும் சர்வருக்கு, லினக்ஸில் எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸுக்கான ஒரு மாட்யூல் (கூடுதல் பாலிசி, அதாவது விதித் தொகுப்பு) எழுதினேன். அதைக் கம்பைல் செய்யும் செக்மாட்யூல் கருவியை ஓட்டினால் முதல் வரியிலேயே, 'பாலிசி_மாட்யூல்' என்ற டோக்கனில் (சொல்லில்) சிண்டாக்ஸ் எரர். வரி சரியாகத்தானே இருக்கிறது?

வரி சரி, ஓட்டிய கருவிதான் தவறு. பாலிசி_மாட்யூல் என்பது மேக்ரோ, அதாவது எம்4 என்ற கருவி முழு வரிகளாக விரிக்க வேண்டிய சுருக்கம். செக்மாட்யூலுக்கு மேக்ரோ தெரியாது. விரித்துக் கொடுத்தால்தான் படிக்கும். எஸ்இலினக்ஸ்-பாலிசி-டெவெல் பேக்கேஜை நிறுவுங்கள். அதோடு வரும் மேக்ஃபைலை 'மேக் -எஃப்' என்று சுட்டி, உங்கள் மாட்யூல் பெயரோடு .பிபி (நிறுவத் தயாரான பொட்டலம்) சேர்த்து ஓட்டுங்கள். விரிப்பது, கம்பைல் செய்வது, பொட்டலம் கட்டுவது மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

எரர் வரியில் இரண்டு எண்கள் வரும். உதாரணமாக, கோப்புப் பெயரை ஒட்டி வரும் 15 நீங்கள் எழுதிய .டிஇ கோப்பின் வரி. கடைசியில் 'ஆன் லைன் 3345' என்று வருவது மேக்ரோ விரிந்த பிறகான வரி. அது டிஎம்பி அடைவில் உள்ள .டிஎம்பி கோப்பில் இருக்கும். 40 வரிக் கோப்பில் 3345-ஐத் தேடாதீர்கள். டோக்கன் என்று காட்டுவது கம்பைலர் தடுக்கி விழுந்த இடம். கல் பெரும்பாலும் முந்தைய வரியில், விட்டுப்போன அரைப்புள்ளியாகக் கிடக்கும். டோக்கனாக ஓர் இன்டர்ஃபேஸ் (பாலிசியோடு வரும் ஆயத்த மேக்ரோ) பெயரே வந்தால் எழுத்துப் பிழை: எம்4 தனக்குத் தெரியாத பெயரை அப்படியே விட்டுவிடும்.

கூடலூர் வாசகர்: 'எண்ட் ஆஃப் ஃபைல் இன் ஸ்ட்ரிங்' என்று எம்4 கத்துகிறது. அடைப்புக்குறிகளை மூன்று முறை எண்ணிவிட்டேன்.

மேற்கோள் குறிகளை எண்ணுங்கள். வெளியிலிருந்து எடுத்தாளும் பெயர்களை அறிவிக்கும் ஜென்_ரிக்வயர் பிளாக்கைத் திறப்பது விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த குறி, மூடுவது நேரான ஒற்றைக் குறி. இரண்டும் வேறு வேறு. வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டியிருந்தால் மூடும் குறி வளைந்த குறியாக மாறியிருக்கலாம். அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள். பிளாக்கின் உள்ளே ஆங்கிலக் குறிப்பு எழுதி, அதில் 'டோன்ட்' என்பதற்கு ஒற்றைக் குறி போட்டிருந்தால் எம்4 அங்கேயே மேற்கோளை மூடிவிடும். முன்னால் # இருந்தாலும் அது காப்பாற்றாது.

உதகை வாசகர்: இன்டர்ஃபேஸ் அழைப்பின் முடிவில், அரைப்புள்ளி டோக்கனில் எரர்.

அந்த அரைப்புள்ளியை எடுங்கள். அனுமதி தரும் அலோ வரிக்கு வேண்டும், மேக்ரோ அழைப்புக்குக் கூடாது.

குன்னூர் வாசகர்: அன்நோன் டைப், எச்டிடிபிடி_டி.

டைப் என்பது நிரலுக்கோ கோப்புக்கோ எஸ்இலினக்ஸ் ஒட்டும் லேபிள்; எச்டிடிபிடி_டி வெப் சர்வருடையது. ஜென்_ரிக்வயர் பிளாக்குக்குள் 'டைப் எச்டிடிபிடி_டி;' சேருங்கள். அந்த டைப் சிஸ்டத்திலேயே இல்லை என்றாலும் கம்பைல் ஆகிவிடும். ஆனால் செமாட்யூல் கருவி கொண்டு நிறுவும்போது 'ஃபெயில்ட் டு ரிசால்வ்' என்று நிற்கும்.

கொடைக்கானல் வாசகர்: எனக்கும் அன்நோன் டைப்தான், ஆனால் வேறு டைப். செட்என்ஃபோர்ஸ் 0 போட்டும் போகவில்லை.

மேலே குன்னூருக்குச் சொன்னதேதான். செட்என்ஃபோர்ஸ் 0 எஸ்இலினக்ஸ் எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்ய வைக்கும்; அதற்கும் கம்பைலுக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் செட்என்ஃபோர்ஸை 1-க்குத் திருப்புங்கள். ஒரு டொமைனை (ஒரு நிரல் ஓடும் டைப்பை) மட்டும் தளர்த்தி வைக்க 'செமனேஜ் பெர்மிசிவ் -ஏ' இருக்கிறது.

குன்னூர் வாசகர் மீண்டும்: இவ்வளவு ஏன் எழுத வேண்டும்? மறுப்புகளைப் படித்து அலோ வரிகளாக்கித் தரும் ஆடிட்2அலோவிடம் லாகைக் கொடுத்தால் பிழையில்லாத மாட்யூல் கையில் வருகிறதே.

கம்பைல் ஆகிறது என்பதாலேயே அது சரியான பாலிசி ஆகிவிடாது. நீங்கள் அனுப்பிய லாகையே பாருங்கள். எச்டிடிபிடி_டி படிக்கப் போய் மறுக்கப்பட்ட கோப்பின் லேபிள் டிஃபால்ட்_டி. ஆடிட்2அலோ தரும் வரி, லேபிள் இல்லாமல் டிஃபால்ட்_டியில் கிடக்கும் எல்லாக் கோப்புகளையும் வெப் சர்வர் படிக்கலாம் என்கிறது. இங்கே மாட்யூலே தேவையில்லை. 'செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கொண்டு அந்த அடைவுக்கு எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி என்று பதிந்து, அந்த லேபிளைக் கோப்புகளில் ஒட்ட ரெஸ்டோர்கான் -ஆர்வி ஓட்டுங்கள்.

கோத்தகிரி வாசகர்: குன்னூர்க்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே அக்கா. எல்லா மறுப்பும் லேபிள் பிரச்சினை இல்லையே?

இல்லைதான். ஆடிட்2அலோவை ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படித்துப் பார்த்து எடுங்கள் என்கிறேன். சில வரிகளின் மேல் #!!!! என்று தொடங்கி, இன்ன பூலியனை (பாலிசியிலேயே உள்ள ஆன்-ஆஃப் சுவிட்சை) திறந்தால் போதும் என்று அதுவே சொல்கிறது. டேட்டாபேஸ் வேறு கணினியில் இருந்தால் எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி-யை செட்எஸ்இபூல் -பி போட்டுத் திறந்தால் முடிந்தது.

குன்னூர் வாசகர்: சரி, பூலியன் பார்க்கிறேன். மாட்யூலுக்கு, வெப் சர்வரின் பெயரான அப்பாச்சி என்றே பெயர் வைத்திருந்தேன்.

உடனே மாற்றுங்கள்! சிஸ்டத்தின் சொந்த அப்பாச்சி மாட்யூல் 100 என்ற முன்னுரிமையில் இருக்கிறது, நீங்கள் நிறுவுவது 400-இல் ஏறும். உங்கள் நான்கு வரிகள் அதன் முழுப் பாலிசியையும் மறைத்துவிடும். பெயருக்கு முன்னால் 'மை_' சேருங்கள். செமாட்யூல் -எல் கொடுத்து, அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.

கொடைக்கானல், இன்னொரு வாசகர்: உபுண்டுவில், எஸ்இலினக்ஸ் போன்ற வேலையைச் செய்யும் ஆப்ஆர்மரின் ப்ரொஃபைல் (விதிக் கோப்பு). 20-ஆம் வரியில் எரர், அங்கே தவறே இல்லை.

19-ஆம் வரியின் முடிவில் காற்புள்ளி இருக்கிறதா பாருங்கள். ஏற்றாமல் சோதிக்க ஆப்ஆர்மர்_பார்சர் -க்யூ (பெரிய எழுத்து Q).

கூடலூர், இன்னொரு வாசகர்: மழைக்காலத்தில் எங்கள் பக்கம் நெட் கிடைக்காது. வீட்டில் கம்பைல் செய்து பென்டிரைவில் கொண்டுபோனால், மாட்யூல் வெர்ஷன் பொருந்தவில்லை என்கிறது அலுவலக சர்வர்.

வீட்டுக் கணினி புதிது, சர்வர் பழையது. புதிய கருவி கட்டிய .பிபியைப் பழைய சிஸ்டத்தால் படிக்க முடியாமல் போகலாம். சர்வரில் இருக்கும் அதே வெர்ஷனை வீட்டில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் வைத்து அங்கே கம்பைல் செய்யுங்கள். .டிஇ கோப்பையும் பென்டிரைவில் சேர்த்தே எடுத்துப் போங்கள்.