கப்பலுக்குள் பேய் வீடு: சிஸ்டரிடம் கேளுங்கள்

கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு பழைய கப்பலில் ஹாலோவீனுக்காக (அக்டோபர் 31-இல் வரும் பேய் வேஷத் திருவிழா) நடந்த பேய் வீட்டுக்குள் போய்வந்தேன் என்று சென்ற இதழில் இரண்டே வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கிறேன்.

எந்தக் கப்பல் சிஸ்டர்? கடலுக்குள் கூட்டிப் போனார்களா? நம்ம ஊர் பொருட்காட்சியில் போடுகிற பேய் வீடு மாதிரிதானா?
(குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி)

கப்பல் எங்கும் போகாதம்மா. குயின் மேரி என்று பேர். ஸ்காட்லாந்தில் கட்டினார்கள், 1936-இல் முதல் பயணம். 1967-இல் ஓய்வு கொடுத்து, லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் லாங் பீச் துறைமுகத்தில் நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். இப்போது அது ஹோட்டல், அருங்காட்சியகம் எல்லாம்தான். நீளம் 1,019 அடி. காட்பாடி ஜங்ஷனில் 13 பெட்டி கோர்த்த ரயில் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த நீளத்துக்கு ஒரே கப்பல். மேலே மூன்று புகைபோக்கிகள்.

நான் போனது 2018 அக்டோபரில். 'டார்க் ஹார்பர்' என்று அந்தத் திருவிழாவுக்குப் பேர். கப்பலின் அடித்தளங்களில் சில புதிர்ப்பாதைகள், கரையில் கொட்டகை போட்டு சில. பொருட்காட்சி பேய் வீட்டில் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவோம். இங்கே வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. முழங்காலில் உலோகத் தகடு கட்டிய ஒருவன் எங்கிருந்தோ ஓடிவந்து, அப்படியே மண்டியிட்டுத் தரையில் சறுக்கினான். தீப்பொறி பறந்தது, காது கூசும் சத்தம். என் காலடிக்கு ஒரு முழம் முன்னால் நின்று, தலையை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பார்த்தான். என் பேத்தி என் கையை எப்படிப் பிடித்தாள் என்றால், மறுநாள் காலையிலும் மணிக்கட்டில் நான்கு விரல் தடம் இருந்தது.

எல்லாம் வேஷம் என்று தெரிந்தும் ஏன் பயம் வருகிறது? பயமுறுத்துவதில் ஏதாவது நுணுக்கம் இருக்கிறதா?
(ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

இருக்கிறது தம்பி, அதை நான் கவனித்துக்கொண்டே போனேன். முதல் நுணுக்கம் கண்ணில். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் முழுக்கப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அவர்கள் அதற்கு நேரமே தருவதில்லை. பளிச்சென்று ஒரு விளக்கு, உடனே கும்மிருட்டு, மறுபடி விளக்கு. கண் ஒன்றும் பிடிக்காமல் போக, காதும் தோலும் விழித்துக்கொள்ளும். அப்புறம், நம் பார்வையை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறு பக்கத்திலிருந்து ஆளை விடுவார்கள். ஒரு சாப்பாட்டு அறை மாதிரி இருந்த இடத்தில் மேஜைமேல் ஒரு பொம்மைப் பிணம். நாங்கள் எல்லாரும் அதையே பார்த்தோம். ஆள் வந்தது எனக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குள்ளிருந்து.

சத்தம் கேட்டதும் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டிவிடும். இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். 'இது வேஷம்' என்று மூளை கணக்குப் போட்டுச் சொல்வதற்கு முன்னாலேயே உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. ஆபத்தில்லை என்று தெரிந்ததும் தேங்கிய வேகம் சிரிப்பாக வெளியே வரும். வெளி வாசலில் நின்று பார்த்தால், வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டேதான் வருகிறார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. மாசி அமாவாசையில் பாலாற்றங்கரை மயானக் கொள்ளைக்குப் போனவர்களுக்குத் தெரியும். முகமெல்லாம் நீலம் பூசி, நாக்கு தொங்க, வாயில் எலுமிச்சம்பழத்தோடு காளி நம்மைப் பார்த்து ஓடிவரும்போது, அது பக்கத்துத் தெரு அண்ணன்தான் என்று தெரிந்தும் அடிவயிறு கலங்கும். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பயந்துகொண்டே கையெடுத்துக் கும்பிடுவோம். கப்பலில் கும்பிட எதுவும் இல்லை, அது எனக்குக் குறையாகவே பட்டது.

மகன் சான்டியாகோவில் இருக்கிறான். இந்த வருஷம் இப்படி ஒரு இடத்துக்கு எல்லாரையும் கூட்டிப்போகிறேன் என்கிறான். வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். பேரனுக்கு ஒன்பது வயசு. போகலாமா?
(ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகி)

உங்கள் வீட்டுக்காரர் வேண்டாம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்துவிடலாம் என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். நாடித்துடிப்பு ஒரே நொடியில் ஏறுகிற இடம் அது. வலிப்பு வருகிறவர்கள் அந்த மின்னும் விளக்குகளுக்குள் போகவே கூடாது. கர்ப்பிணிகளும் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால், அங்கே விடுகிற செயற்கைப் புகை இருமலைக் கிளப்பும்.

பேரனும் வேண்டாம். இந்த மாதிரி இடங்களில் 13 வயசுக்குக் கீழே அழைத்துவர வேண்டாம் என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அது வேஷம் என்று பகலில் தெரியும், ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் தெரியாது. அக்டோபர் 31 மாலையில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் வாங்கப் போவார்கள், அவனை அதற்கு அனுப்புங்கள். நீங்களும் மகனும் போங்கள். பழைய செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். துறைமுகக் காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நடிப்பவர்கள் பொதுவாக உங்களைத் தொடமாட்டார்கள், நீங்களும் அவர்களைத் தொடக் கூடாது.

கப்பலில் நிஜமாகவே ஆவி இருக்கிறது என்கிறார்களே? நீங்கள் நம்புகிறீர்களா?
(ஆரணியிலிருந்து ஒரு வாசகர்)

பி340 என்று ஒரு அறை. ஆவி நடமாடுகிறது என்ற பேச்சால் பல வருஷம் யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருந்து, நான் போன அந்த 2018-இல்தான் திறந்துவிட்டார்கள். அதே பேரில் ஒரு புதிர்ப்பாதையும் இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் வார்டில் இருந்தவள் நான். போனவர்களின் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் முடிந்த ராத்திரிகள் எத்தனையோ. ஒரு நாளும் எதுவும் எழுந்து வந்ததில்லை. எனக்கு ஆவியில் நம்பிக்கை இல்லை.

ஆனால் மறுநாள் பகலில் அதே கப்பலுக்குத் திரும்பப் போனேன். முகமூடி இல்லை, புகை இல்லை, கூட்டமும் இல்லை. கீழே, எந்திரப் பக்கம், தண்ணீர் புகாமல் அடைக்கிற கனமான இரும்புக் கதவுகள் இருக்கின்றன. அதில் 13-ஆம் எண் கதவில், 1966 ஜூலை 10 அன்று நடந்த ஒத்திகையில், 18 வயசுப் பையன் ஒருவன் நசுங்கிச் செத்தான். எந்திரப் பிரிவில் வேலை பார்த்தவன். கதவின் விளிம்பில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. எத்தனையோ தடவை பூசிய பெயின்ட், நகம் பட்டால் தெரிகிற அளவுக்குத் தடித்திருந்தது. முந்தின ராத்திரி கத்தியவள், அங்கே சத்தமே வராமல் நின்றேன். அவன் அம்மாவுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இந்தக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசி, வீரர்களை ஏற்றி ஓட்டினார்கள். 'சாம்பல் பேய்' என்றே அப்போது பட்டப்பேர். 1942 அக்டோபர் 2 அன்று அயர்லாந்துக்கு வடக்கே, தனக்குக் காவலாக வந்த 'குராசோவா' என்ற போர்க்கப்பலின்மேல் மோதி, அதை இரண்டாக வெட்டிவிட்டது. 330 பேருக்கு மேல் போனார்கள், நூறு பேர் அளவுக்குத்தான் பிழைத்தார்கள். கடலில் மிதந்தவர்களைக் குயின் மேரி நின்று தூக்கவில்லை. நீர்மூழ்கி பயத்தால் எதற்காகவும் நிற்கக் கூடாது என்று உத்தரவு. சேதி போர் முடியும்வரை வெளியே விடப்படவில்லை. ஆவி இருக்கிறதா என்று கேட்பவர்கள், இந்த 330 பேரை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்குத் தோன்றும்.

பேய்க்கு ஒரு திருவிழாவா? இது எங்கிருந்து வந்தது?
(காட்பாடியிலிருந்து ஒரு வாசகர்)

நவம்பர் 1 புனிதர்கள் அனைவரின் திருநாள். அதற்கு முந்தின இரவுதான் ஹாலோவீன். அதற்கும் பழைய வேர் அயர்லாந்துப் பக்கத்து அறுவடை முடிவில் இருக்கிறது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்கா போனதும் பூசணி கிடைத்தது. நவம்பர் 2 எதுவென்று வேலூர்க்காரர்களுக்குத் தெரியுமே, கல்லறைத் திருநாள். என் வார்டில் வேலை பார்த்த தோழிகள் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அமெரிக்காவில் முதல் நாளின் வேடிக்கை பெருத்துவிட்டது. எனக்கு மூன்றாம் நாள்தான் பிடிக்கும்.

வேலூர்க் கோட்டையில் இப்படி ஒன்று வைத்தால் எப்படி இருக்கும்? அகழி, சுரங்கப்பாதைக் கதை எல்லாம் ரெடியாக இருக்கிறதே!
(சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர்)

வேண்டாம் தம்பி. தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம், அனுமதி கிடைக்காது என்பது ஒரு பக்கம். கிடைத்தாலும் வேண்டாம். உள்ளே ஜலகண்டேஸ்வரருக்கு விளக்கு எரிகிறது. 1806-இல் சிப்பாய்கள் எழுந்து, விடிவதற்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கொன்று, அன்றைக்கே ஆற்காட்டுக் குதிரைப்படை வந்து நம் சிப்பாய்களைக் கொன்று குவித்த மண் அது. வெள்ளைக்காரர் பக்கம் நூறு பேருக்கு மேல், நம் பக்கம் நூற்றுக்கணக்கில் போனார்கள். அது எந்தத் தேதி தெரியுமா? ஜூலை 10. கப்பலில் அந்தக் கதவு பக்கத்தில் தேதியைக் கேட்டதும் எனக்கு முதலில் நம்ம கோட்டைதான் கண்முன் வந்தது.

பயம் காட்டவேண்டும் என்றால் கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி வரும்போது கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள், நானே டிக்கெட் வாங்கி வருகிறேன். கோட்டைக்குள் வேண்டாம். ஜூலை 10 காலையில் மக்கான் சந்திப்பு நினைவுத்தூணுக்கு மாலை போடுவார்கள். அரை மணி நேரம் ஒதுக்கி வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.