158, 175: எது குறைவு?

கேள்வி: உடற்பயிற்சி அறிவியல் படிக்கிறேன். ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. களத்தில் பயிற்சி கொடுக்க இதெல்லாம் தேவையா?

பதில்: கண்டிப்பாகத் தேவை, தம்பி. ‘ஓடும் முன் தசையை நன்றாக நீட்டு, காயம் வராது’ என்று பல வருடம் பிள்ளைகளிடம் சொன்னவன் நான். என் பயிற்சியாளர் சொன்னார், நானும் சொன்னேன். அப்புறம்தான் 2000-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வைப் படித்தேன். புதிதாகச் சேர்ந்த 1,538 ராணுவ வீரர்கள், 12 வாரப் பயிற்சி. எல்லோருக்கும் வார்ம்-அப், அதாவது பயிற்சிக்கு முன் உடலைத் தயார்படுத்தும் லேசான அசைவுகள், உண்டு. ஒரு பிரிவு மட்டும் காலின் ஆறு தசைத் தொகுதிகளை 20 விநாடி வீதம் நீட்டியது. கால் காயங்கள் அந்தப் பிரிவில் 158, மற்றதில் 175.

‘அப்போ நீட்டினால் நல்லதுதானே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நீட்டியவர்கள் 735 பேர், நீட்டாதவர்கள் 803 பேர். வகுத்துப் பாருங்கள்: இரண்டிலும் நூற்றுக்கு 22 அளவில்தான். இந்த ஒரு கணக்கைப் போடப் பழகினாலே பாதிப் பயம் போய்விடும்.

யாரை வைத்துச் செய்த ஆய்வு என்றும் பாருங்கள். இளம் ராணுவ வீரருக்குச் சரியானதை, மூட்டுவலியோடு வரும் அறுபது வயது அம்மாவிடம் அப்படியே சொல்லக் கூடாது. என் பிள்ளைகள், முன்பு தசையை நீட்டிய நேரத்தில் இப்போது மெதுவாக ஓடுகிறார்கள்.